ஈட்டன் மெஸ்ஸும் வடகாட்டுப் பலாவும்

ஆனி மாதம் பேத்தி வந்திருந்தாள். பெங்களூரில் கல்லூரியில் படிக்கிறாள். வந்த மறுநாளே, "ஐயா, நம்ம ஊர்ல புதுசா ஒரு கஃபே தொறந்திருக்காங்களாம், போவமா?" என்றாள். அவள் அப்பத்தாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. நானும் பேத்தியும் ஆட்டோ பிடித்துப் போனோம். கடையின் பெயர் இங்கே வேண்டாம். அந்த ஒரு கடையைப் பற்றி மட்டும் நான் எழுதவில்லை. திருச்சியிலும் மதுரையிலும் இதே கதைதான் என்று பேத்தியே சொன்னாள்.

விலை அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். பாதிச் சொற்கள் புரியவில்லை. நடுவில் ஒரு வரி: ஈட்டன் மெஸ், 240 ரூபாய்.

"மெஸ்ஸுன்னா சாப்பாடுல்ல? சாயங்காலம் அஞ்சு மணிக்கு யாரு சாப்பாடு போடுறா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்து மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

என் மேல் தப்பில்லை. புதுக்கோட்டையில் மெஸ் என்றால் வாழையிலையும் நாலு வகைக் குழம்பும்தான். 1974 ஜனவரி 14ஆம் தேதி திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் துண்டு துண்டாக எடுத்து இந்த மாவட்டத்தை உண்டாக்கினார்கள். அதை ஒட்டி இளநிலை உதவியாளனாக வந்து சேர்ந்தவன் நான். கல்யாணம் ஆகும்வரை கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் மாத டோக்கன். எனக்கு மெஸ் அதுதான்.

கோப்பை வந்தது. அடியில் சிவப்பாக ஒரு பாகு. அதற்கு மேல் வெள்ளையாக நுரை. நடுவில் பிஸ்கட் தூள். உச்சியில் ஒரு செர்ரி. பேத்தி படம் எடுத்துக்கொண்டாள். நான் ஒரு கரண்டி வாயில் போட்டேன். மேலண்ணத்தில் மெழுகு தடவியது போல ஒட்டிக்கொண்டது. வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இப்போது என் வழக்கைச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பண்டம் எதற்கு என்று கேட்கிற ஆள் இல்லை நான். அப்படிக் கேட்டால் என் படிப்பே என்னைப் பார்த்துச் சிரிக்கும். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அப்பா அங்கே வேலையில் இருந்தார். 1954 நவம்பர் முதல் தேதியே நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது, ஆனால் சட்டப்படி ஊர் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16இல்தான். அதற்கு நடுவில் பள்ளிக்கூடம் போன பையன்களில் நானும் ஒருவன். அப்பா காலமான பிறகுதான் அம்மா எங்களை அறந்தாங்கிப் பக்கத்தில் அவள் பிறந்த ஊருக்குக் கூட்டிவந்தாள்.

அந்தப் பள்ளியில் வாசகப் புத்தகத்தில் ஃபிரேஸ் என்று ஒரு பாடம். ஸ்ட்ராபெரிக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். ஒரு சிறுமி கூடையோடு தோட்டத்துக்குப் போவாள், சிவப்பாகப் பழம் பறிப்பாள், பாட்டி அதில் பாலேடு ஊற்றுவாள். எழுத்துப் பிழையில்லாமல் இருபது தடவை எழுதியிருக்கிறேன். பழத்தை நான் கண்ணால் பார்த்தது நாற்பது வயதுக்கு மேல், குடும்பத்தோடு கொடைக்கானல் போனபோது. (பல் வைத்தியர் துளை போடும் கருவிக்கும் பிரெஞ்சில் ஃபிரேஸ் என்றுதான் பெயர். அந்த ஃபிரேஸ் எனக்குப் பத்து வயதிலேயே கிடைத்துவிட்டது.)

பார்க்காத பழத்தை எழுதிப் படித்து, அதுதான் நல்ல பழம் என்று நம்பி வளர்ந்தவன் நான். வீட்டுக் கொல்லையில் பழுத்த பலா எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை. அதனால் அது எனக்குப் பழமாகவே படவில்லை. அந்தத் தலைமுறையின் கோளாறு அது என்று நினைத்திருந்தேன். இப்போது என் பேத்தியின் முன்னால் 240 ரூபாய்க்கு அதே பாடத்தைக் கோப்பையில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். என் வயிற்றெரிச்சல் அங்கேதான்.

பரிமாறிய தம்பியைக் கூப்பிட்டு, "தம்பி, இதுல பழம் எது?" என்றேன். "ஸ்ட்ராபெரி கிரஷ் சார்" என்றார். கிரஷ் என்றால் பழம் கொஞ்சம், சர்க்கரை நிறைய, சாயம், வாசனை. இங்கிலாந்தில் ஸ்ட்ராபெரி பழுப்பது ஜூன் மாதத்தில். அதனால்தான் அது அவர்களுக்குக் கோடைப் பண்டம். நம் நாட்டில் அதற்குப் பேர்போன மகாபலேஸ்வரில் பழம் வருவது குளிர்காலத்தில், கார்த்திகையிலிருந்து பங்குனி வரைக்கும். கொடைக்கானலிலிருந்து கொஞ்சம் இறங்கினாலும் நம் வெயிலைத் தாண்டி ஊர் வந்து சேர்வதற்குள் கூழாகிவிடும். ஆக, புதுக்கோட்டையில் ஆனி மாதத்து ஸ்ட்ராபெரி என்பது பாட்டிலில் இருந்துதான் வரமுடியும்.

அடுத்தது கிரீம். பெட்டியைக் காட்டச் சொன்னேன். அரசு ஊழியன் புத்தி, மூலப் பதிவேட்டைப் பார்க்காமல் மேலொப்பம் போட மாட்டேன். தம்பி பாவம், கொண்டுவந்து காட்டினார். சின்ன எழுத்தில் இருந்தது: தாவரக் கொழுப்பு. எண்ணெய்ப்பனையின் கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெய், ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கியது. அதோடு சர்க்கரை, தண்ணீர், நுரையை நிறுத்தி வைக்க ஏதேதோ. பாலில் இருந்து வந்த ஏடு இல்லை.

கடைக்காரர்கள் ஏன் இதை வாங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பால் கிரீமை அடித்து வைத்தால் நம் வெயிலில் அரை மணி நேரம் நிற்காது. இது சாயங்காலம் வரை அசையாமல் நிற்கும், அடிக்க அடிக்கப் பெருகும், விலையும் குறைவு. இதை விஷம் என்றும் நான் சொல்லவில்லை. எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் விதி இருக்கிறது. பால் இல்லாததைக் கிரீம் என்று சொல்லாதே என்பதுதான் என் கட்சி. பிரான்சில் கிரீம் என்று எழுதி விற்க வேண்டுமானால் பால் கொழுப்பு நூற்றுக்கு முப்பதாவது இருக்க வேண்டும். அடித்து நுரைத்த கிரீமுக்கு ஷாந்தியீ என்று பேர் வைத்தால் அதில் சர்க்கரை, வாசனை தவிர வேறு சங்கதி சேர்க்க விடமாட்டார்கள். பெயருக்கு அங்கே அவ்வளவு காவல். சோயாவைப் பிழிந்து பால் என்று எழுதாதே என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2021இல் சொன்னது. அந்தக் காவல் கஃபே விலை அட்டை வரைக்கும் வந்து சேரவில்லை.

மூன்றாவது அந்த செர்ரி. இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பேக்கரிகளில் கேக்கின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் செர்ரி பெரும்பாலும் செர்ரி இல்லை. களாக்காய். கிளாக்காய் என்று நாம் சொல்வோமே, முள்ளுச் செடியில் காய்க்கும், ஊறுகாய் போடுவோம், அதேதான். கொட்டையை எடுத்துவிட்டு, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, சிவப்புச் சாயம் ஏற்றி, செர்ரி ஆக்கிவிடுகிறார்கள். டூட்டி ஃப்ரூட்டி என்பதும் அப்படித்தான், பப்பாளிக் காயைத் துண்டு போட்டுச் சாயம் ஏற்றியது. சின்ன வயசில் ஆடு மேய்க்கிற பிள்ளைகளோடு போய் முள் கிழிக்கக் கிழிக்கக் கிளாப்பழம் பறித்துத் தின்றிருக்கிறோம். நாக்கு கத்திரிப்பூ நிறமாகிவிடும். அந்தக் காய்க்குச் சட்டையை மாற்றி, பேரை மாற்றி, ஊரை மாற்றி, நமக்கே விற்கிறார்கள். நாமும் காசு கொடுத்து வாங்கிப் பிள்ளைக்கு ஊட்டுகிறோம். தன் பெயரில் ஒரு காய் நம் மேசைக்கு வரக் கூடாதா?

வீட்டுக்கு வந்ததும் பேத்தியின் கைபேசியிலேயே இந்த மெஸ்ஸின் பூர்வோத்தரத்தைத் தேடிப் படித்தோம். ஈட்டன் என்பது பள்ளிக்கூடம். 1440இல் ஆறாம் ஹென்றி ராஜா தொடங்கியது. நேரு படித்த ஹாரோ பள்ளிக்கும் இவர்களுக்கும் வருஷா வருஷம் கிரிக்கெட் ஆட்டம் நடக்கும், அந்த ஆட்டத்தில் பரிமாறிய பண்டம் என்று பேர் நிலைத்துவிட்டது. நாய் கூடை மேல் உட்கார்ந்து நசுக்கிவிட்டது, அதை வாரிக் கொடுத்தார்கள் என்று ஒரு கதையும் உலவுகிறது. அது கதைதான். ஆனால் 1930களில் அந்தப் பள்ளியின் தின்பண்டக் கடையில் அதை எப்படிச் செய்தார்கள் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸ்ட்ராபெரி அல்லது வாழைப்பழம். அதோடு கிரீம் அல்லது ஐஸ்கிரீம். அவ்வளவுதான். மொறுமொறுவென்ற அந்த வெள்ளைக்கரு மெரேங்க் பிறகு சேர்ந்துகொண்டது. இங்கிலாந்திலேயே லான்சிங் என்று இன்னொரு பள்ளி, அவர்கள் வாழைப்பழம் போட்டுச் செய்து லான்சிங் மெஸ் என்று தங்கள் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

வாழைப்பழம்! நம் ஊரில் தார் தாராகத் தொங்குகிறது. அவர்களே கைக்குக் கிடைத்ததைப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள். நாம் மட்டும் கிடைக்காததைச் சாயமாக வாங்கி ஊற்றுகிறோம்.

மெஸ் என்ற சொல்லுக்கும் என் பிரெஞ்சு உதவிக்கு வந்தது. அந்த ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து போனது. அதற்கும் முன்னால் லத்தீன். மேசையில் கொண்டுவந்து வைப்பது என்று பொருள். இன்றைய பிரெஞ்சிலும் அது 'மே' என்று உயிரோடு இருக்கிறது, பதார்த்தம் என்று அர்த்தம். பதார்த்தம் முதலில், பிறகு அதைச் சேர்ந்து உட்கார்ந்து உண்ணும் கூட்டம், பிறகு அந்த இடம். குழப்பம், அலங்கோலம் என்ற பொருள் கடைசியாக ஒட்டிக்கொண்டது. ஆக, அன்று நான் "மெஸ்ஸுன்னா சாப்பாடுல்ல?" என்று கேட்டது சொல்லாராய்ச்சிப்படி சரி. சிரித்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை, இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சி ஒன்று கிளம்பும் என்று தெரியும். நான் இதைப் பற்றி எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி போட்டதும் கிளம்பிவிட்டது. "இதெல்லாம் நம்ம பஞ்சாமிர்தத்தைப் பார்த்து வெள்ளைக்காரன் காப்பி அடித்தது சார்" என்று ஒருவர். "பழனி ஆண்டவன் பிரசாதம் இருக்க இது எதற்கு?" என்று இன்னொருவர். இருவரும் எனக்கு நெடுநாள் நண்பர்கள். ஆனாலும் சொல்கிறேன், இதுவும் அதே நோய்தான். ஒருவர் களாக்காயைச் செர்ரி என்கிறார், இன்னொருவர் ஈட்டனைப் பஞ்சாமிர்தம் என்கிறார். பஞ்சாமிர்தம் மலைவாழைப்பழத்தையும் சர்க்கரையையும் நெய்யையும் பிசைந்து, நாள்பட வைத்திருக்கச் செய்வது. இது கலந்த பத்து நிமிடத்தில் தின்று தீர்க்க வேண்டியது, இல்லாவிட்டால் மொறுமொறுப்பு நமுத்துப் போகும். இரண்டுக்கும் பழத்தைத் தவிர உறவில்லை. நம்மிடம் இருப்பது நன்றாக இருக்கிறது என்று சொல்ல, அடுத்தவன் நம்மிடம் திருடினான் என்று ஏன் சொல்ல வேண்டும்?

வாங்கிக்கொள்வதிலும் ஒரு யோக்கியதை இருக்கிறது. அதற்குத் தூத்துக்குடியைப் பாருங்கள். மக்ரூன் சாப்பிட்டிருப்பீர்கள். பெயர் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே பாதாம் போடுவார்கள். தூத்துக்குடிக்காரர்கள் பாதாமுக்கு அழவில்லை. முந்திரியைப் போட்டார்கள். முந்திரியே போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம்தான், நம் மணலில் வேர் பிடித்து நம்முடையதாகிவிட்டது. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித் தூள். நன்றாக அடித்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் நெடுநேரம் உலர்த்தி எடுக்கிறார்கள். வாயில் போட்டால் முதலில் நொறுங்கும், பிறகு கரையும். பாரிஸில் இன்று மக்கரோன் என்று விற்பது வண்ண வண்ணமாக இரண்டு வில்லைக்கு நடுவில் ஏதோ தடவியது. அதற்கும் இதற்கும் வெகு தூரம். பிரெஞ்சு படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் தூத்துக்குடிப் பண்டத்துக்கு மெரேங்க் என்ற பெயரே நெருக்கம். அதற்காக அவர்கள் பெயரை மாற்ற வேண்டியதில்லை. மக்ரூன் என்றால் இன்று தூத்துக்குடிதான். இல்லாத பாதாமை வாசனையாக ஊற்றியிருந்தால் அந்த ஊருக்கு இந்தப் பெயர் கிடைத்திருக்குமா?

அந்த முந்திரிக்கும் நாம் தூத்துக்குடி வரை போக வேண்டாம். தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டையில் இறங்கினால் சாலையோரத்திலேயே வறுத்து உடைத்துக் கூடையில் வைத்திருக்கிறார்கள். பால் இருக்கிறது. முட்டை இருக்கிறது. பழத்துக்கு வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம், ஆலங்குடி. அந்தச் செம்மண்ணில் விளையும் பலாவின் ருசி தெரிந்தவர்கள் பண்ருட்டிக்காரர்களோடு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கஜா புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 நவம்பர் 16. நான் ஓய்வுபெற்றுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. வடகாட்டில் என் அம்மா வழி உறவினர் ஒருவரைப் பார்க்க நாலாம் நாள் போனேன். கரண்டு இல்லை, குடிக்கத் தண்ணீருக்கு வரிசை. அவருடைய தோப்பில் தாத்தா வைத்த பலா மரங்கள் வேரோடு பெயர்ந்து ஒன்றன் மேல் ஒன்று கிடந்தன. பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ வெள்ள நிவாரணப் பட்டியல் எழுதியிருக்கிறேன். இத்தனை ஏக்கர், இத்தனை மரம், இவ்வளவு தொகை. மரத்தின் எதிரில் நின்றபோது எனக்கு அந்தப் பட்டியல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவர், "மாப்ள, இனி நான் பலா வச்சு அதுல சுளை திங்கிறதுக்கு இருக்க மாட்டேன். ஆனாலும் வைக்கணும்ல" என்றார். வைத்தார். அவர் வைத்த கன்று இப்போது காய்க்கத் தொடங்கியிருக்கிறது. அவர் இல்லை.

இந்த ஆனியில் அவர் மகன் பழத்தைச் சாலையோரம் குவித்து வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். வரத்து அதிகமான வாரத்தில் வியாபாரி கேட்ட விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். பலா காத்திருக்காது. பழுத்த இரண்டாம் நாள் ஊரையே கூப்பிடும், மூன்றாம் நாள் மாட்டுக்கு. நாங்கள் கஃபேயில் கொடுத்த அந்த 240 ரூபாய்க்கு அவனிடம் இரண்டு பழம் தூக்க முடியாமல் தூக்கி வந்திருக்கலாம். அதே மாவட்டம், அதே மாதம், அங்கே பழம் அழுகுகிறது, இங்கே பழச் சாயம் பாட்டிலில் வருகிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

சும்மா பேசினால் போதுமா என்று வீட்டிலேயே செய்து பார்த்தோம். முதல் முயற்சி தோல்வி. தூத்துக்குடிச் சம்பந்தி வீட்டார் கொண்டுவந்த மக்ரூன் இருந்தது. பால்காரரிடம் எருமைப்பால் கூடுதலாக வாங்கி, காய்ச்சி, குளிர்பெட்டியில் வைத்து ஏட்டை எடுத்தோம். ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து நான்தான் அடித்தேன். நுரை வருகிறது வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், திடீரென்று வெண்ணெய் திரண்டுவிட்டது. வீட்டுக்காரி ஒன்றும் பேசாமல் அதை எடுத்து நெய்க்கு வைத்துவிட்டாள். மறுநாள் அவளே அடித்தாள், நேரத்தோடு நிறுத்தினாள். பலாச்சுளையை நறுக்கிப் போட்டு, மக்ரூனை நொறுக்கிப் போட்டு, ஏட்டை ஊற்றிக் கிளறித் தின்றோம். திகட்டியது. தேனில் சர்க்கரை கலந்தது போல. நாலு கரண்டிக்கு மேல் போகவில்லை.

இங்கே ஸ்ட்ராபெரிக்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். அந்தப் பழத்தில் புளிப்பு இருக்கிறது. மெரேங்க் என்பது பாதிக்கு மேல் சர்க்கரை, அந்தப் புளிப்புத்தான் அதைத் தூக்கி நிறுத்துகிறது. பலாவில் புளிப்பு கிடையாது. இதை ஒப்புக்கொள்ளாமல் வெறும் ஊர்ப்பெருமை பேசினால் நானும் அந்த வாட்ஸ்அப் நண்பர்களோடு சேர்ந்துவிடுவேன்.

என்ன புளிப்புச் சேர்ப்பது? எலுமிச்சை பிழிந்தால் ஏடு திரிந்துபோகும் என்றாள் வீட்டுக்காரி. அப்போது பேத்திதான், "ஐயா, அந்த செர்ரி கிளாக்காய்னு சொன்னீங்கள்ல, அது பழுத்தா எப்படி இருக்கும்?" என்றாள். அந்த யோசனை எனக்கு வரவில்லை பாருங்கள். சந்தையில் ஒரு கிழவியிடம் ஒரு படி கிடைத்தது, நன்றாகக் கறுத்த பழம். கொட்டை நீக்கி, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை போட்டு ஒரு கொதி. நிறம் சொல்ல முடியாது, அப்படி ஒரு சிவப்பு. சாயம் ஒரு சொட்டு இல்லை. அதை ஆறவைத்துப் பலாவின் மேல் ஊற்றி, ஏடு, மக்ரூன் நொறுக்கல். இந்தத் தடவை கிண்ணம் வழித்தாகிவிட்டது. வடகாட்டு மெஸ் என்று பேத்தி பெயர் வைத்தாள். லான்சிங்காரனுக்கு உள்ள உரிமை நமக்கும் உண்டு. அம்மன் காசு என்று தனக்கென்று நாணயம் அடித்துக்கொண்ட சமஸ்தானம் இது.

சமஸ்தானம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் வேலை பார்த்த கலெக்டர் அலுவலகம் தொண்டைமான் ராஜாவின் அரண்மனைக் கட்டடம். அந்த வம்சத்து மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்ணான மோலி ஃபிங்கைக் கல்யாணம் செய்துகொண்டார். வெள்ளைக்கார அரசாங்கம் அந்த அம்மாவை ராணியாக ஒப்பவில்லை. ராஜா ஊரைவிட்டுப் போய் பிரான்சில் வாழ்ந்து, 1928இல் பாரிஸில் இறந்தார். ஸ்ட்ராபெரியும் கிரீமும் அவர் மேசைக்கு வேளாவேளைக்கு வந்திருக்கும். ஆனி மாதத்தில் ஒரு நாளாவது பலா வாசனை அவருக்கு நினைவு வந்திருக்காதா என்று கோப்புக்கு நடுவில் யோசித்திருக்கிறேன். பதில் கிடைக்காத கேள்வி, விட்டுவிடுகிறேன்.

பேத்தி ஊருக்குப் போன பிறகு நான் தனியாக அந்தக் கஃபேக்கு மறுபடி போனேன். கையில் ஒரு டப்பாவில் வடகாட்டு மெஸ், இன்னொரு டப்பாவில் தனியாக மக்ரூன். உரிமையாளர் இளைஞர், முப்பது வயது இருக்கும், மரியாதையாக உட்காரவைத்தார். பழக்கதோஷம், மனு மாதிரியே பேசினேன். ஒன்று, பால் இல்லாததைக் கிரீம் என்று எழுதாதீர்கள். இரண்டு, களாக்காயைக் களாக்காய் என்றே எழுதுங்கள். மூன்று, ஆனி ஆடி இரண்டு மாதமாவது இந்த மாவட்டத்துப் பழத்தைப் போடுங்கள். அவர் டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி தின்றார், இன்னொரு கரண்டி தின்றார், பிறகு சமையல்கார அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"நல்லாருக்கு சார். ஆனா பலாவை யாரு உரிக்கிறது? கையெல்லாம் பிசின், கத்தியெல்லாம் பிசின். எண்ணெய் தடவி ஒரு பழம் உரிக்கறதுக்குள்ள நாலு ஆர்டர் போயிரும். பாட்டில்னா மூடியைத் திறந்தா முடிஞ்சுது" என்றார்.

நேர்மையான பதில். என்னிடமும் பதில் இருந்தது. அந்தப் பிசினோடு போராடத் தெரிந்த கைகள் வடகாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. பஸ் நிறுத்தத்தில் சுளையை உரித்துத் தட்டில் அடுக்கி விற்கும் பெண்கள்தான். அவர்கள் உரித்த சுளையைக் காலையில் எடை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உரிகூலியைச் சேர்த்துக் கொடுங்கள். பாட்டிலுக்குக் கொடுக்கிற காசு எங்கேயோ போகிறது, இது ஆலங்குடி தாண்டாது. ஏடு நிற்காது என்றால் நிற்க வேண்டாம், கேட்கும்போது கலந்து கொடுங்கள். மெஸ்ஸில் அப்படித்தானே, இலை போட்ட பிறகுதானே சோறு?

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். கிரீம் விஷயத்தில் பிடி கொடுக்கவில்லை. "அதை மாத்தினா வெலையையும் மாத்தணும் சார், பாப்போம்" என்றார். பலாவுக்கு மட்டும், சனிக்கிழமை ஒரு நாள் வைத்துப் பார்க்கிறேன், இரண்டு கிலோ சுளை நீங்களே ஏற்பாடு செய்து தாருங்கள் என்றிருக்கிறார். அட்டையில் என்ன பெயர் எழுதுவது என்று கேட்டார். சொல்லிவிட்டு வந்தேன். என் உறவினர் மகனுக்கு நேற்றே போன் செய்து, அவன் பெண்சாதி விடிவதற்குள் உரித்து வைத்துவிடுவாள் என்று வாக்கு வாங்கியாகிவிட்டது. முதல் பஸ்ஸில் நடத்துனரிடம் தூக்குவாளியைக் கொடுத்தனுப்புகிறான். ஏழு மணிக்குப் பேருந்து நிலையத்தில் நான் நிற்க வேண்டும்.